திரும்பி நின்றவர்கள்

“ம்... திரும்புங்க!”

வால்ட் குரல் கொடுத்ததுதான் தாமதம். பள்ளிக்கூட வாசலில் பதாகையோடு நின்ற அத்தனை ஆசிரியர்களும் சட்டென்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்கள்.

அவர்களோடு வேலை பார்க்கிற நோரீன் டீச்சர் தலையைக் குனிந்தபடி அவர்களைத் தாண்டி உள்ளே போனாள். ஒருத்தர் வாயிலிருந்தும் ஒரு குட்மார்னிங் கூட இல்லை.

எதிர்ப்பக்கம் என் டோனட் கடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனுஷங்களா இவங்க!

நானும் ஆசிரியர்கள் கட்சிதான். சம்பளத்தை ஏற்ற மாட்டோம், மருத்துவக் காப்பீட்டுக்கும் உங்க கையிலிருந்தே இன்னும் அதிகமா கட்டுங்க என்று பள்ளி வாரியம் சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது? பேச்சுவார்த்தை பாதியில் நின்றது. வேலைநிறுத்தம் தொடங்கியது. அன்றிலிருந்து வாசலில் நிற்கிறவர்களுக்கு என் கடைக் காப்பி இலவசம்.

போன வாரம் வாரியம் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டது. வேலைக்கு வராதவர்களுக்குக் காப்பீடு ரத்து.

மற்றவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். நோரீன் எப்படி நிற்பாள்? அவள் புருஷன் டெல்லுக்கு ரத்தப் புற்றுநோய். சிகிச்சை பாதியில் இருக்கிறது. காப்பீடு இல்லையென்றால் மருந்து இல்லை. மருந்து இல்லையென்றால் டெல் இல்லை. ஊருக்கே தெரிந்த விஷயம்.

பொறுக்க முடியாமல் சாலையைத் தாண்டிப் போய்விட்டேன்.

“வால்ட், உனக்கு நெஞ்சுல என்ன, கல்லா இருக்கு?”

“காலங்காத்தால என்ன பெக், இவ்வளவு சூடு?”

“டெல் கல்யாணத்துல மாப்பிள்ளைத் தோழனா நின்னவன் நீ! இன்னைக்கு அவன் பொண்டாட்டி போறப்போ முதுகைக் காட்டுறியே, வெக்கமா இல்ல?”

வால்ட் வேதியியல் வாத்தியார். சங்கத்தின் உள்ளூர்த் தலைவரும் அவன்தான். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

“யாரு போனா?” என்றான்.

“யாரா? நோரீன்தான்! வேற யாரு?”

“அப்படியா?” பதாகையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டான். “காப்பி ஆச்சா?”

“உனக்கா? பச்சத் தண்ணி கூடக் கிடையாது, போ!”

பக்கத்தில் நின்ற இசை டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “குளிருது,” என்றாள், நான் எதுவும் கேட்காமலேயே. ஒஹையோக் குளிருக்குக் கண்ணீர் வருவது சகஜம்தான். நான் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

சாயங்காலம் நோரீன் கடைக்கு வந்தாள். காப்பியைத் தொடக்கூட இல்லை, அழுதாள்.

“வால்ட் என் முகத்தைக் கூடப் பார்க்க மாட்டேங்கிறான், பெக்.”

“விடுடி. இதுங்கல்லாம் ஒரு மனுஷ ஜென்மமா?”

“அவங்கள ஒண்ணும் சொல்லாத. பனியில நிக்கறவங்க அவங்க. உள்ளே போறவ நான்தானே?”

அந்த வார்த்தை என்னை இன்னும் கொதிக்க வைத்தது.

மறுநாள் தலைநகரிலிருந்து சங்கத்தின் மேலிடத்து ஆள் வந்து இறங்கினான். ஃபிட்ச் என்று பெயர். குளிர் தாங்காமல் எல்லோரையும் என் கடைக்குள்ளேயே கூட்டிக்கொண்டு வந்தான். இடம் போதாமல் கதவு வரைக்கும் ஆசிரியர்கள் நின்றார்கள்.

“யாரோ ஒருத்தர் மறியலைத் தாண்டி தினமும் உள்ளே போறதா தகவல் வந்திருக்கு,” என்று ஆரம்பித்தான். “என்ன காரணமா இருந்தாலும் சரி, விலக்கு கிடையாது. ஒருத்தருக்குக் கொடுத்தா நாளைக்கு அத்தனை பேரும் கேப்பாங்க. சங்கத்துலேர்ந்து நீக்கம், அதுக்கு மேல அபராதம். கண்ணால பார்த்தவங்க ஒருத்தர் சொன்னாப் போதும். சொல்லுங்க வால்ட், யாரு அது?”

போச்சு, நோரீன் கதை முடிந்தது என்று நினைத்தேன். டெல்லோடு சேர்த்து அவள் இன்னும் எதையெதைத்தான் சுமப்பாள்?

“நான் பார்க்கலையே,” என்றான் வால்ட்.

“என்னது?”

“யாரும் உள்ளே போறதை நான் பார்க்கலை.”

ஃபிட்ச் இசை டீச்சரைப் பார்த்தான்.

“நானும் பார்க்கலை சார்.”

“நீங்க?”

“பார்க்கலை.”

“பார்க்கலை.”

“நானும்தான்.”

கதவோரம் நின்ற கடைசி ஆள் வரைக்கும் அதே பதில். ஒருத்தர் குரலும் தடுமாறவில்லை.

“என்ன, எல்லாரும் சேர்ந்து பொய் சொல்றீங்களா?” ஃபிட்ச் முகம் சிவந்துவிட்டது.

“ஆண்டவன் சத்தியமா பொய் இல்ல,” என்றான் வால்ட் அமைதியாக. “பைபிளைக் கொண்டு வாங்க, கை வெச்சுச் சொல்றோம். எங்கள்ல ஒருத்தர் கண்ணும் பார்க்கலை.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சத்தியமாகவே அது பொய் இல்லை! சத்தியம் செய்யச் சொல்லிக் கேட்கிற நாள் ஒன்று வரும் என்று தெரிந்துதான் இத்தனை பேரும் தினம் தினம் சுவரைப் பார்த்து நின்றிருக்கிறார்கள். ஊர் திட்டட்டும், நோரீனே நம்மை வெறுக்கட்டும், அவள் பெயர் மட்டும் நம் வாயிலிருந்து வரக்கூடாது என்று. அடக் கடவுளே, இந்த மனுஷங்களையா நான் அப்படிப் பேசினேன்! கும்பிட்டு விழலாம் போல இருந்தது.

ஃபிட்ச் மெதுவாக என் பக்கம் திரும்பினான்.

“அம்மா, உங்க கடை பள்ளிக்கூடத்துக்கு நேர் எதிர்ல இருக்கு. இவ்வளவு பெரிய கண்ணாடி ஜன்னல் வேற. நீங்க பார்த்திருப்பீங்களே?”

கடையே என்னைப் பார்த்தது.

“காலையில எனக்கு அடுப்பு வேலை சார்,” என்றேன். “வாசலுக்கு முதுகைக் காட்டிக்கிட்டுத்தான் நிப்பேன்.”