மழை வரவழைத்த முள்

துறவிகள் மடம் ஒன்றில் ஒரு புனிதரின் விரலெலும்பு வெள்ளிப் பேழையில் இருந்தது. அந்த வருஷம் மழை இல்லை. கோபம் வந்த துறவிகள் எலும்பை எடுத்துத் தரையில் போட்டு, மேலே ஒரு முள்ளை வைத்து அழுத்தினார்கள். அற்புதம் செய்யாத புனிதருக்கு அங்கே அதுதான் தண்டனை.

"வலிக்குதா சாமி?" என்று பணிவாகக் கேட்டது முள்.

"செத்தவனுக்கு ஏதுப்பா வலி? இருந்த காலத்துல இந்த விரலால கஞ்சியை வழிச்சுக் குடிச்சேன். மேகத்தை இழுக்க எனக்கு எங்க தெரியும்?" என்றது எலும்பு.

"அதை அவங்ககிட்டயே சொல்லலாமே?"

"சொன்னா, எலும்பு பேசுற அற்புதம்னு ஊரையே கூட்டிடுவாங்க."

மறுநாள், யாரையும் கேட்காமல் மழை கொட்டியது. "முள் குத்தினதும் வானம் திறந்துடுச்சு!" என்று மடத்துத் தலைவர் கண்ணீர் விட்டார். முள் வெள்ளிப் பேழைக்குள் போனது. எலும்பு ஜன்னலோரம் போனது.

"என்னப்பா, உனக்கு ஏதாவது வேணும்னா என்கிட்ட வேண்டிக்கோ" என்றது முள்.

அடுத்த வருஷம் மறுபடியும் மழை இல்லை. முள்ளைத் தூக்கித் தரையில் போட்டார்கள். அதைக் குத்த இன்னொரு முள் ஒடித்துவரத் துறவி ஒருவர் வேலிக்குப் போனார்.

வேலியில் இருந்த முட்களெல்லாம் "என்னை எடுங்க, என்னை எடுங்க" என்று முண்டியடித்தன.