கூப்பிடு தூரம்

நாலு பேர் உட்காரும் பாய்ப்படகை அருளப்பன் தனியாகவே ஓட்டிக்கொண்டு வந்தார். மனைவி பிலோமி இறந்து எட்டு மாதம், மகள்கள் வெளிநாட்டில். பழைய துறையில் சுவர் எழுப்புகிறார்கள், படகைக் கட்ட வேறு இடம் வேண்டும். இந்தத் துறையைப் பார்த்துக்கொள்ளும் சவரியம்மாள் முதலில் பாறை மறைவைக் காட்டினாள்.

“இங்க காத்து அடிக்காது. எப்பவும் தண்ணி நிக்கும். ஒத்த ஆளா அவுத்துட்டுப் போயிரலாம்ணே.”

அவர் வலை தைப்பவர்கள் உட்காரும் மேட்டுக்குக் கீழே, சேறு கலங்கிய தண்ணீர் நின்ற இடத்தைக் காட்டினார்.

“அதுவா? தண்ணி வத்துனா படகு சேத்துல உக்காந்துரும். மேட்டுல இருக்கவுகளைக் கூப்பிடாம எடுக்க முடியாதுண்ணே.”

“கூப்பிட்டா வருவாங்களா?”

“வராம? ஒரு சத்தம் குடுங்க, போதும்.”

அங்கேயே கட்டினார்.

மறுநாள் காலை படகு சேற்றில் சாய்ந்து கிடந்தது. மேட்டில் ஆறேழு பேர் கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்தார்கள். அருளப்பன் முழங்கால் சேற்றில் நின்று, படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, பலம்கொண்ட மட்டும் கூப்பிட்டார்.

“பிலோமீ!”

மேட்டில் எல்லோரும் வலையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்கள்.