ஒருமனதாக

கொதிக்கக் கொதிக்க இருந்த முள்ளங்கிச் சூப்பு அண்டாவின் ஒரு காதை மூப்பர் பாங் பிடித்திருந்தார், மறு காதை மூப்பர் தாக். நாலு வருடமாக ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காதவர்கள்.

"மெதுவாய்யா, என் கால்ல கொட்டிடப் போறே" என்றார் பாங்.

"கொட்டணும்னா நாலு வருஷம் முன்னாடியே கொட்டியிருப்பேனே!" என்றார் தாக். சுற்றி நின்ற பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ஜன்னலோரம் நின்று பார்த்த போதகர் ஹாமுக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று வருடத்துக்கு முன் அவர் கொரியாவின் இந்தக் குன்சான் துறைமுகச் சபைக்கு வந்தபோது கோபுரத்துச் சிலுவை இருண்டு கிடந்தது. நியான் விளக்கு சிவப்பாகவே எரிய வேண்டும் என்று பாங் கட்சி, வெள்ளைக்கு மாற்ற வேண்டும் என்று தாக் கட்சி.

ஆராதனையில் நடுப்பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு கட்சி, இந்தப் பக்கம் ஒரு கட்சி. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கும் இரண்டு அண்டா, இரண்டு கிம்ச்சி ஜாடி. கர்த்தருக்கே எந்தப் பக்கம் உட்காருவது என்று குழம்பியிருக்கும்.

இன்று ஒரே அண்டா. அதற்குக் காரணம் தான்தான் என்பதில் ஹாமுக்குச் சந்தேகமே இல்லை. போன மாதம் பாதம் கழுவும் ஆராதனையில் முதலில் தாக்கின் கால்களைக் கழுவியவர், தண்ணீரைக் கொட்டாமல் அதே பாத்திரத்தில் பாங்கின் கால்களையும் பிடித்து அமுக்கினார். "ஒரே தண்ணி, ஒரே சபை!" என்று மைக்கில் வேறு முழங்கினார். தன் தாழ்மையைக் கண்டு தனக்கே புல்லரித்துப்போய், அடுத்த மூன்று ஞாயிறும் அதைப் பற்றியே பிரசங்கம் செய்தார்.

"பாங் ஐயா அன்னைக்குத் தண்ணியிலேருந்து காலை வெடுக்குன்னு இழுத்துக்கிட்டாரேங்க" என்றாள் மனைவி சுன்யே.

"கூச்சம். மனசு உடைஞ்சா மனுஷன் அப்படித்தான்."

"தாக் ஐயா வீட்டம்மாகூட என்கிட்ட பேசாமப் போயிட்டாங்க."

"நல்ல நாள் அதுவுமா நொட்டை சொல்லாதே."

அவருக்கு அது பெரிய நாள்தான். வருடத்துக்கு வருடம் நீட்டிக்கப்படும் தற்காலிகப் போதகர் அவர். 'போதகர் ஹாம் குறித்த முடிவு' என்று இந்த வார அறிவிப்புத் தாளில் போட்டிருந்தது. நிரந்தரமாக்கிவிட்டால் எழுபது வயது வரை கவலையில்லை. நாற்பத்தேழு வயதில் மறுபடி ஊர் ஊராகப் போய்ச் சோதனைப் பிரசங்கம் செய்து கைகட்டி நிற்க வேண்டாம்.

தன்னைப் பற்றிய ஓட்டெடுப்பைத் தானே நடத்தக் கூடாது. அதற்காகப் பக்கத்து ஊர்ப் போதகர் மூன் வந்திருந்தார். ஹாமும் சுன்யேயும் ஞாயிறு பள்ளி அறையில், பிள்ளைகளின் குட்டி நாற்காலிகளில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து காத்திருந்தார்கள்.

"மூணுல ரெண்டு பங்கு ஓட்டு வந்தாப் போதும்" என்று முணுமுணுத்தார் ஹாம்.

பத்தே நிமிடத்தில் கைதட்டல் கேட்டது. ஓர் ஆள் வந்து இருவரையும் அழைத்துப் போனார்.

சபை ஒரே கலவையாக உட்கார்ந்திருந்தது. தாக் வீட்டம்மாவும் பாங் வீட்டம்மாவும் கைகோத்துக்கொண்டு மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்கள். நடுப்பாதை எங்கே என்றே தெரியவில்லை.

போதகர் மூன் தாளைப் பார்த்துப் படித்தார். "மொத்தம் நூத்து முப்பத்தெட்டு ஓட்டு. எதிர்ப்பு ஒண்ணுகூட இல்ல. என் ஊழியத்துல இப்படி ஒரு ஒத்துமையை நான் பார்த்ததே இல்ல."

ஹாம் பொத்தென்று முழங்காலில் விழுந்தார். "நான் வெறும் தூசி! ஆனாலும் என் தாழ்மையைக் கர்த்தர் கனம் பண்ணிட்டார். சாகுற வரைக்கும் உங்களை விட்டு எங்கயும் போக மாட்டேன்!"

யாரும் ஆமென் சொல்லவில்லை. இரு மூப்பர்களும் எழுந்து வந்து, ஆளுக்கொரு கையைப் பிடித்து அவரைத் தூக்கி நிறுத்தினார்கள்.

"நீயே சொல்லுய்யா" என்றார் பாங்.

"நீதான் மூத்தவன். நீ இருக்கும்போது நான் பேசினா நல்லாருக்குமா?" என்று தாக் பணிவாக ஒதுங்கிக்கொண்டார்.

பாங் போதகரின் முழங்காலில் ஒட்டியிருந்த தூசியை அக்கறையாகத் தட்டிவிட்டார்.

"நாங்க ஒண்ணு சேர்ந்ததே உங்களை அனுப்பத்தான், பாஸ்டர்."