நான் நலம், இப்படிக்கு நானே

"காலை ஆட்டாத. மேஜையே டேக் ஆஃப் ஆயிடும்போல இருக்கு."

கணவர் காதோரம் சொன்ன பிறகுதான், தன் முழங்கால் துள்ளிக்கொண்டிருப்பது அவளுக்கே தெரிந்தது. காலை இழுத்து நாற்காலிக்கு அடியில் பூட்டிக்கொண்டாள். இப்போது கை பேனாவின் மூடியைத் திறந்து மூட ஆரம்பித்தது.

விமானப் போக்குவரத்து அலுவலகத்தின் மூன்றாவது மாடி. மேஜையின் இந்தப் பக்கம் பறக்கும் கிளப்பிலிருந்து மூன்று பேர். தலைவர், அவள் கணவர். கிளப்பில் எல்லோருக்கும் அவர் கேப்டன். செயலாளர், அவள். மூன்றாவது, கிளப்பின் மெக்கானிக் ஸ்பேனர். சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். எதிர்ப் பக்கம் விதிகளை எழுதும் அதிகாரி, ஐம்பது வயதுப் பெண்மணி, ஒரு ஃபைலை நிதானமாகப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"தண்ணி குடிங்க அண்ணி," என்று ஸ்பேனர் பாட்டிலை நகர்த்தினார். "அஞ்சு வருஷமா நீங்க டைப் அடிச்ச மனு இன்னைக்குத்தான் கரையேறப் போகுது. பொண்ணைப் பெத்தவங்க மாதிரி தவிக்கறீங்க."

அவள் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதி வழியில் நின்றுவிட்டது.

மனு சின்னதுதான். இரண்டு பேர் மட்டும் ஏறும் குட்டி விமானங்களைப் பொழுதுபோக்குக்காக ஓட்டுகிறவர்கள், வருஷா வருஷம் டாக்டரிடம் போய்ச் சான்று வாங்க வேண்டாம். 'நான் நலமாக இருக்கிறேன்' என்று தாங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். இன்று அதிகாரி தலையாட்டிவிட்டால், ஒன்றாம் தேதியிலிருந்து விதி மாறிவிடும்.

அந்த ஒன்றாம் தேதியை நினைத்துத்தான் அவளுக்குப் பயம். நாலு மாதத்தில் இரண்டு முறை கேப்டன் குளியலறையில் விழுந்து கிடந்தார். "சோப்பு வழுக்கிடுச்சு," என்றார். தரை காய்ந்து கிடந்தது. டாக்டர் என்று வாயெடுத்தாலே எழுந்து போய்விடுவார். அடுத்த மாதம் வருஷச் சோதனை. டாக்டர் எப்படியும் பிடித்துவிடுவார் என்று அவள் நாளை எண்ணிக்கொண்டிருந்தாள். விதி மாறிவிட்டால் அந்த டாக்டரும் இல்லை.

அதனால்தான் போன மாதம், மனுவை டைப் செய்த அதே கம்ப்யூட்டரில், பெயர் போடாமல் இந்த அலுவலகத்துக்கு ஒரு கடிதமும் டைப் செய்து தபாலில் போட்டுவிட்டாள்.

"பொதுமக்கள்கிட்ட கருத்துக் கேட்டிருந்தோம்," என்றார் அதிகாரி. "அநேகமா எல்லாரும் உங்க பக்கம்தான். எதிர்ப்பு ரெண்டே ரெண்டு. ரெண்டும் மொட்டைக் கடிதாசி."

பேனா மூடி அவள் கையிலிருந்து உருண்டு ஓடியது.

"முதல் கடிதம் ஒரு மனைவி எழுதினது." அதிகாரி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். "'என் கணவர் மயங்கி விழுந்ததை மறைக்கிறார். அவர் போடும் கையெழுத்தை நம்பாதீர்கள்.'"

"எந்த மெம்பர் வீட்டு அம்மாவோ," என்றார் ஸ்பேனர். "நம்ம ஆளுங்க லட்சணம் தெரிஞ்சவங்க."

அவள் நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. இப்போது திரும்புவார், இதோ திரும்பி என் முகத்தைப் பார்ப்பார் என்று கழுத்து வியர்த்தது. கேப்டன் திரும்பவில்லை. ஒரு மிடறு தண்ணீர் குடித்தார். பிறகு மேஜையைத் தட்டினார்.

"மேடம், வீட்டுல இருக்கறவங்க பயத்தை வச்சு விதி எழுத முடியுமா? நான் ஸ்டூல் மேல ஏறி பல்பு மாட்டினாலே என் வீட்டுல பயப்படறாங்க. கார் ஓட்டறவனை வருஷா வருஷம் டாக்டர்கிட்ட அனுப்பறீங்களா? மேல ஏறத் தெரிஞ்சவனுக்கு, என்னைக்கு ஏறக்கூடாதுன்னும் தெரியும். எங்க நாணயத்தை நம்புங்க."

பிடிபடவில்லை என்ற நிம்மதி ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. எவ்வளவு கூசாமல் பேசுகிறார் மனுஷன் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பக்கத்தில் இருப்பவரை அப்படியே கிள்ளிவைக்கலாம்போல் இருந்தது.

"நியாயமாத்தான் பேசறீங்க சார்," என்றார் அதிகாரி. "மனைவியோட பயம்னு இதைத் தள்ளி வச்சிடலாம். ரெண்டாவதைத்தான் தள்ள முடியலை. அது ஒரு பைலட்டே எழுதினது. எல்லார் முன்னாடியும் படிக்க எனக்கு மனசு வரலை. செயலாளர் படிக்கட்டும். கூட்டக் குறிப்புல என்ன எழுதறதுன்னு அவங்களே சொல்லட்டும்."

காகிதம் மேஜை மேல் வழுக்கிக்கொண்டு வந்தது. கேப்டன் சட்டென்று கை நீட்டினார்.

"அவங்க எதுக்கு மேடம், நான் பார்க்கறேனே. இங்க கொடும்மா."

அதற்குள் அவள் பிரித்துவிட்டாள்.

'நான் இரண்டு முறை மயங்கி விழுந்துவிட்டேன். பறப்பதை நானாக நிறுத்த மாட்டேன். யாராவது நிறுத்தினால்தான் உண்டு. வருஷச் சோதனையில் டாக்டர் நிறுத்திவிடுவார் என்று தைரியமாக இருந்தேன். இந்த விதி வந்தால், நலமாக இருக்கிறேன் என்று கூசாமல் எழுதிவிடுவேன். என் மனைவிக்கு எதுவும் தெரியாது. சோப்பு வழுக்கியது என்று நம்பிக்கொண்டிருக்கிறாள். என்னை நம்பியிருக்கும் நண்பர்களுக்காக, நானே உங்கள் எதிரில் வந்து உட்கார்ந்து, மேஜையைத் தட்டித் தட்டி இந்த விதியைக் கேட்பேன். தயவுசெய்து தராதீர்கள்.'