கடைசி பெஞ்சுக்காரி

கடைசி பெஞ்சில் அந்தப் பெண் கையைத் தூக்கியதுமே அவன் கையிலிருந்த சாக்பீஸை மேசையில் வைத்துவிட்டான்.

போன வாரமும் இவள்தான்.

புள்ளியியலில் ஆராய்ச்சி பண்ணிக்கொண்டிருந்தவனைக் கூப்பிட்டு, ஒரு புத்தகத்தைக் கையில் திணித்து, "முதலாண்டு வகுப்பு இனிமே உன்னோடது, போய் எடு" என்று அனுப்பிவிட்டார் பேராசிரியர். எப்படி எடுப்பது என்று அவரும் சொல்லவில்லை. கேட்க இவனுக்கும் வாய் வரவில்லை. வருஷக்கணக்கில் கம்ப்யூட்டரோடு மட்டுமே பேசிப் பழகியவன். அத்தனை கண்கள் ஒரே நேரத்தில் தன்னைப் பார்த்ததும் கரும்பலகைப் பக்கமே திரும்பி நின்றுகொண்டான்.

அந்த நேரம் பார்த்து இவள் எழுந்தாள். பெரிய பெரிய ஆராய்ச்சிக்காரர்கள் மண்டையை உடைத்துக்கொள்கிற மாதிரி ஒரு கேள்வி. பதில் அவனுக்குத் தெரியும். சொல்லத்தான் முடியவில்லை. யாரோ சிரித்தார்கள். பாதி வகுப்பில் வெளியே ஓடி வந்துவிட்டான்.

விஷயம் பேராசிரியர் காதுக்குப் போயிற்று.

"அடுத்த வாரம் நானே வந்து உக்காருறேன். சரியா வரலைன்னா வேற ஆளைப் பார்த்துக்கிறேன்."

வகுப்பு போனால் உதவித்தொகை போகும். அது போனால் ஆராய்ச்சியை மூட்டை கட்ட வேண்டியதுதான். வாரம் பூராவும் சோறு இறங்கவில்லை.

இதோ, பேராசிரியர் ஜன்னலோரமாக உட்கார்ந்திருக்கிறார். இவளும் கையை இறக்குவதாக இல்லை. இன்றோடு தன் கதை முடிந்தது என்று நினைத்துக்கொண்டான்.

"கேளும்மா." குரல் அவனுக்கே கேட்கவில்லை.

"சார், சராசரின்னா என்ன?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. கிண்டலோ? முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. பதில் சொன்னான். குரல் நடுங்கியது. ஆனாலும் வந்தது.

"இடைநிலைன்னா? ரெண்டும் ஒண்ணுதானே சார்?"

"இல்லம்மா. நாம எல்லாரும் உயரப்படி வரிசையா நிக்கிறோம்னு வெச்சுக்கோ. கடைசியில ஒரு ஒட்டகச்சிவிங்கி வந்து சேர்ந்துக்குது. நம்ம சராசரி உயரம் சட்டுன்னு ஏறிடும். ஆனா வரிசைக்கு நடுவுல நிக்கிறவர் உயரம் பெரிசா மாறாது. அதான் இடைநிலை."

மறுபடியும் சிரித்தார்கள். இந்தச் சிரிப்பு பயமுறுத்தவில்லை.

அவள் விடவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரிந்ததையெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"இதுகூடத் தெரியாம எப்படிம்மா இங்க வந்து சேர்ந்தே?" என்று பேராசிரியரே பொறுமை இழந்து திரும்பினார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

மணி அடித்தது. இவ்வளவு நேரம் பேசியது தான்தானா என்று அவனுக்கே நம்ப முடியவில்லை.

"பரவாயில்ல, நீயே எடு" என்றார் பேராசிரியர், வராந்தாவில். "அந்தக் கடைசி பெஞ்சுப் பொண்ணு என் விடுமுறைப் பயிற்சிக்குப் பேர் குடுத்திருக்கா. நல்லவேளை, இன்னிக்கே தெரிஞ்சுது. அவ பேரை எடுத்துடுறேன்."

அவர் தன் அறைக்குப் போனதும், இவன் ஓடிப்போய்ப் படிக்கட்டில் அவளைப் பிடித்தான்.

"போன வாரம் அப்படி ஒரு கேள்வி கேட்டவளுக்கு சராசரி தெரியாதா? என்னை வெச்சு விளையாடுறியா?"

அவள் படிக்கட்டின் ஓரமாக ஒதுங்கி நின்றாள்.

"எங்க அண்ணனையும் இப்படித்தான் சார் பாடம் எடுக்க அனுப்பினாங்க. யாரோ ஏதோ கேட்டிருக்காங்க, அவனுக்குப் பதில் வரல. படிப்பையே விட்டுட்டு வீட்டுக்கு வந்துட்டான். இப்பவும் ரூமை விட்டு வெளிய வர மாட்டான். போன வாரம் நீங்க வெளிய ஓடினப்ப உங்க முகம் அப்படியே அவன் முகம். நான் கேட்டதாலதானேன்னு இருந்துச்சு."

"சார் உன்னைப் பயிற்சிக்கு எடுக்க மாட்டேங்கிறார்."

"அவர் வந்து உக்காரும்போதே நினைச்சேன் சார்" என்றாள். "பரவாயில்ல. வேற இடத்துல பார்த்துக்கலாம்."

அவள் இறங்கிப் போய்விட்டாள். அவன் நின்றான். இனி வாயைத் திறந்தால், கையில் வந்த வகுப்பு மறுபடி போகலாம். ஆனாலும் மேலே ஏறிப் பேராசிரியர் கதவைத் தட்டினான்.

"அந்தப் பொண்ணு பேரை எடுத்துடாதீங்க சார். எல்லாம் தெரிஞ்சவ அவ. நான் பேசணும்னுதான் அப்படிக் கேட்டா."

"நீ பேசறதுக்கு அவ எதுக்குக் கேக்கணும்?"

"பயம் சார். அங்க போய் நின்னாலே கை காலெல்லாம் உதறுது."

பேராசிரியர் பயிற்சிப் பட்டியலை எடுத்துப் பார்த்தார்.

"சரி, பயிற்சிக்கு அவளை வரச் சொல்லு" என்றார் கடைசியில். "ஏம்ப்பா, பயமா இருக்குன்னு என்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"நீங்க கேக்கல சார்."