பன்னிரண்டு சட்டைகள்

"மாமா, இந்த நீலச் சட்டையை மாத்திக்குங்க. மணலுக்கு எடுப்பா இருக்கும்" என்றாள் மருமகள்.

இரண்டு நாள் பயணத்துக்குப் பன்னிரண்டு சட்டைகளை இஸ்திரி போட்டுக் கொண்டு வந்திருந்தாள் மகராசி. பெரியவர் கார்க் கதவின் மறைவில் நின்று மாற்றிக்கொண்டார். கல்யாணத்தன்றுகூட அவர் இத்தனை சட்டை போட்டதில்லை.

"தாத்தா, மாப்பிள்ளை மாதிரி இருக்கீங்க!" பேத்தி கைதட்டினாள்.

மணல்மேட்டின் முன்னால் மகன் அவர் தோளில் கைபோட்டு நின்றான். மருமகள் படம் எடுத்தாள். மனைவி போய்ச் சேர்ந்த மூன்று வருடத்தில் மகனின் கை அவர்மேல் பட்டது இன்றைக்குத்தான்.

அந்த மூன்று வருடமும் அவர் பார்த்த உலகம் ஓர் அறையும் பேரப்பிள்ளைகளின் பள்ளிக்கூட வாசலும்தான். வெளிநாட்டில் இருக்கும் மகளுக்கு மனசு கேட்கவில்லை. "உங்களை ஒரு நாளாவது வெளிய கூட்டிட்டுப் போயிருக்கானாப்பா? பேசாம இங்க வந்துடுங்க" என்று டிக்கெட்டே போட்டுவிட்டாள். வெள்ளிக்கிழமை விமானம்.

மலையடிவாரத்துக் குளிர்ப் பாலைவனம் முடிந்து சாலை மலையேறியது. வளைவுக்கு வளைவு கார் நின்றது. கட்டம் போட்டது, கோடு போட்டது என்று சட்டைகள் மாறின. "குளிருதாப்பா? டீ சொல்லட்டுமா?" என்று மகன் விழுந்து விழுந்து கவனித்தான்.

உச்சிக்கு வந்ததும் எதிரே மலை மலையாகப் பனி. பெற்ற பிள்ளையைத் தப்பாக நினைத்துவிட்டோமே என்று பெரியவருக்கு வெட்கமாக இருந்தது. தள்ளிப் போய் மகளுக்கு போன் போட்டார்.

"டிக்கெட்டை கேன்சல் பண்ணிடும்மா."

"என்னப்பா சொல்றீங்க? உங்க விசா இந்த மாசத்தோட முடியுது. மறுபடி கிடைக்கிறது சந்தேகம்."

"பரவால்ல. உன் தம்பி என்னைத் தங்கமா பாத்துக்கிறான். நம்பலன்னா அவன் போட்டோ அனுப்புவான், பாரு."

மகள் அழுதாள், கெஞ்சினாள். கடைசியில் அப்பா சொன்னபடியே டிக்கெட்டை ரத்து செய்தாள்.

பெரியவர் மகனிடம் வந்தார். "நான் எங்கயும் போகலடா. உன்கூடவே இருந்துடறேன். அக்காகிட்ட சொல்லிட்டேன்."

மகன் அவரைக் கட்டிக்கொண்டான். கண்ணீரை மறைக்கப் பெரியவர் டீக்கடைக் குழாயடிக்குப் போய் முகம் கழுவினார். இன்னும் பத்து வருடம் வாழலாம் போலிருந்தது.

அவர் திரும்பி வந்தபோது, மகனும் மருமகளும் முதுகு காட்டி நின்று டிக்கியில் சட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"நல்லவேளை! மாமா போயிட்டா பிள்ளைங்களை யாரு ஸ்கூல்ல விட்டுக் கூட்டிட்டு வர்றதுன்னு பயந்துட்டே இருந்தேன்" என்றாள் மருமகள்.

மகன் டிக்கியை அறைந்து சாத்தினான்.

"அக்காவுக்கு மாசம் ஒரு படமா அனுப்பிக்கலாம். இனி ஒரு வருஷத்துக்கு இவரை எங்கயும் கூட்டிட்டுப் போக வேண்டியதில்ல!"