பாட்டு பாடாத மெஷின்

"பாட்டு பாடாத மெஷின் இருக்குதாம்மா?"

தன் காதில் சரியாகத்தான் விழுந்ததா என்று கலையரசிக்குச் சந்தேகம். விழுப்புரத்தில் அவள் வேலை பார்க்கிற கடைக்கு வாஷிங் மெஷின் வாங்க வருகிறவர்கள் தள்ளுபடி கேட்பார்கள். ஓசியில் ஸ்டாண்டு கேட்பார்கள். ஒன்றும் கிடைக்காவிட்டால் ஒரு பக்கெட்டாவது கேட்பார்கள். இப்படி யாரும் கேட்டதில்லை.

"இன்னா சார் சொல்றீங்க?"

"தொவைச்சி முடிச்சதும் ஒண்ணு பாடுதே, அது. எங்க எதிர்வீட்டு மெஷின் பாடுறது தெருவுக்கே கேக்குது. நமக்கு அது வாணாம். கம்முனு தொவைச்சிட்டு கம்முனு நிக்கணும்."

கேட்டவர் அமலதாஸ். பால் வண்டி ஓட்டுகிறவர். காலையில் கடை கடையாகப் பால் போடுகிற லைன் முடிந்தால் அப்புறம் வீட்டில்தான். அவருடைய அம்மா செபஸ்தியம்மாளும் மனைவி ரோஸ்லினும் கூட வந்திருந்தார்கள்.

ரோஸ்லினுக்குத் திண்டிவனத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. நைட் டூட்டி முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கி நேராகக் கடைக்கு வந்திருந்தாள். ஃபேன் விற்கிற பக்கம் ஒரு நாற்காலி காலியாகக் கிடந்தது. உட்கார்ந்தாள். அவ்வளவுதான், தூங்கிப்போனாள். விலைச்சீட்டு தொங்குகிற அத்தனை ஃபேனும் அவளுக்காகச் சுற்றுகிற மாதிரி இருந்தது.

"மேடத்த எழுப்புங்க சார். தொவைக்கறவங்க பாத்து எடுத்தாதான் சரியா வரும்."

"அவளுக்கு இன்னா தெரியும்? நான் பாத்துக்கறேன்."

கலையரசிக்குச் சுருக்கென்றது.

பின்னாலிருந்து செபஸ்தியம்மாளின் குரல் கடை முழுக்கக் கேட்டது.

"ஆண்டவரு கையி எதுக்குக் குடுத்திருக்காரு? நாலு துணிக்கு ஒரு மெஷினாம். வீட்டுக்கு வந்தவ குனிஞ்சி நிமுந்தா ஒடஞ்சா பூடுவா?"

"கொஞ்சம் கம்முனு இரும்மா. பேஜாரு பண்ணாத" என்ற அமலதாஸ், குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார். "யூனிபார்ம்ல டிஞ்சர் கறை பட்டா போவுமா?"

"ஊற வெச்சிப் போட்டா போயிடும் சார்."

"பாவாடை நாடா உள்ள போயி சிக்கிக்கினா?"

"வலைப்பை தருவோம். அதுல போட்டுப் போடணும்."

"போர் தண்ணி, உப்பு. வெள்ளைத் துணி பழுப்பா வராதே?"

பெண்டாட்டி துவைத்ததை வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்துக் குறை கண்டுபிடிக்கிற ஆள் போலிருக்கிறது என்று கலையரசி நினைத்துக்கொண்டாள். அவர் சொன்ன பாட்டு இதுதானா என்று பார்க்க ஒரு மெஷினின் பட்டனை அமுக்கினாள்.

அது கணீரென்று பாட ஆரம்பித்தது.

"ஐயோ, நிறுத்தும்மா!"

அமலதாஸ் பாய்ந்துபோய், அழுகிற குழந்தையின் வாயைப் பொத்துவது போல் மெஷினை இரண்டு கையாலும் பொத்தினார். செபஸ்தியம்மாளின் கழுத்து மெல்லத் திரும்பியது. ரோஸ்லின் மட்டும் கண்ணைத் திறக்காமலே, "டிரிப்ஸ் முடிஞ்சிடுச்சா? வந்து பாட்டில மாத்தறேன்" என்று முனகிவிட்டு இன்னும் ஆழமாகத் தூங்கினாள்.

கலையரசிக்கு மனசு கொஞ்சம் இளகியது. ஓ, பெண்டாட்டி தூக்கம் கெடக்கூடாதென்றுதான் கேட்டாரா மனுஷன்!

"இந்தப் பட்டனைக் கொஞ்ச நேரம் அமுக்கிப் பிடிச்சீங்கன்னா பாட்டு வராது சார்."

பல்வலி நின்ற முகமாகிவிட்டது அவருக்கு.

"இதையே குடும்மா. ஜல்தியா பில்லு போடு. நான் போயி வண்டிய வாசலுக்குக் கொண்டாறேன்."

அவர் தலை மறைந்ததும் செபஸ்தியம்மாள் எழுந்து வந்தாள்.

"ஏம்மா, பாட்ட நிறுத்திப்புட்டியா?"

"சார்தாம்மா நிறுத்தச் சொன்னாரு."

"திரும்பப் பாட வையி. இந்த மெஷின்ல நிறுத்தவே முடியாதாம்னு அவங்கிட்ட சொல்லிடு. வீட்டுக்கு மாட்ட வர்ற ஆளுகிட்டயும் சொல்லி அனுப்பு."

கலையரசிக்குப் பொறுக்கவில்லை.

"ராத்திரியெல்லாம் கண்ணு முழிச்சிட்டு வர்றவங்கம்மா அவங்க. பாட்டுப் போட்டு எழுப்பி வேலை வாங்கணுமா?"

"யாரு, அவளா? அவ எழுந்துக்குவாளா? இப்பதான் பாத்தியே!"

கிழவி வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டாள். அதுவரை கடை முழுக்கக் கேட்ட குரல், காதோடு பேசுகிற குரலாகிவிட்டது.

"தொவைக்கறது அவ இல்லம்மா. இவன்."

"சாரா தொவைக்கறாரு?"

"அவ தூங்கிக்கினு இருப்பா. நானும் சாப்ட்டுப் படுப்பேன். இவன் பூனையாட்டம் பின்பக்கம் போயி துணி கும்முவான். எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கினு இருக்கான். ஒரு நாளு தெரியாத்தனமா எதிர்ல போயிட்டேன். பொண்டாட்டி பாவாடையத் தோள்ல போட்டுக்கினு முழிக்கறான். 'கொடியிலேந்து பறந்து வந்துச்சும்மா'ன்றான். அன்னிக்கு ஒரு இலை அசையல."

கலையரசி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"எனக்குத் தெரியும்டான்னு சொல்லிட வேண்டியதுதானம்மா? எதுக்கு மருமகளத் திட்டணும்?"

"திட்டலைன்னா அவனுக்குச் சந்தேகம் வந்துடும். தெரியும்னு சொன்னா கூச்சப்பட்டு விட்டுடுவான். அப்பறம் அந்தப் பொண்ணுதான குனியணும்?"

"அது சரி... பாட்டு எதுக்கும்மா?"

"கையில தொவைக்கறப்ப கும்மு கும்முன்னு சத்தம் கேக்கும். அது நின்னுதுன்னா, புள்ள என்னத் தாண்டிக் காயப்போட வர்றான்னு திரும்பிப் படுத்துக்குவேன். இது கம்முனு முடிச்சிட்டு கம்முனு நின்னா நான் இன்னா பண்ணுவேன்? எங்க மாதா கோயில்ல பூசை நேரத்துல மணி அடிச்சதும் எல்லாரும் தலை குனிஞ்சி கண்ண மூடிக்குவோம். அந்த மாதிரிதாம்மா. அது பாடுனாதான, எப்பக் கண்ண மூடிக்கணும்னு எனக்குத் தெரியும்?"